சி. சுப்பிரமணியம்: ஆளுநர் மாளிகைக்கு வருவதற்கு முன்னால்

ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி இது: "எங்கள் ஊர் நூலகத்தில் ஜனவரி 30 அன்று சி. சுப்பிரமணியம் அவர்களின் படத்தைத் திறக்கிறார்கள். அழைப்பிதழில் 'முன்னாள் மகாராஷ்டிர ஆளுநர், பாரத ரத்னா' என்று போட்டிருக்கிறது. பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வருஷம்கூட முழுதாக ஆளுநராக இருக்காதவருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நான் என்ன பேசுவது?"

வேளாண்மைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் துறையின் பழைய ஆட்கள் 'சி.எஸ்.' என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். அது ஏன் என்று சொல்லப் போனால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், அது சிறியது. 1990 பிப்ரவரியில், வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது, சி.எஸ். மகாராஷ்டிர ஆளுநரானார். அப்போது அவருக்கு 80 வயது நிறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. 1993 ஜனவரியில் விலகினார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைப் பற்றித் தனிப்பட்ட பேச்சில் அவர் சொன்ன விமர்சனம் பத்திரிகையில் வந்துவிட்டது. அதன் பிறகு அவர் அந்த நாற்காலியில் நீடிக்கவில்லை. ஆளுநர் பதவியில் இருப்பவர் பிரதமரைப் பற்றி அப்படிப் பேசியது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பேச்சு வெளியே வந்தபின் பதவியை விட்டு இறங்கியது சரி. பதவியைப் பணயம் வைப்பது அவருக்குப் புதிதும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆளுநர் பதவியேற்கும்போது எடுக்கும் உறுதிமொழி அரசியலமைப்பின் 159-ஆவது பிரிவில் இருக்கிறது. அரசியலமைப்பைக் காப்பேன் என்பதோடு, அந்த மாநில மக்களின் பணிக்கும் நலத்துக்கும் என்னை ஒப்படைப்பேன் என்றும் சொல்ல வேண்டும். அந்த அரசியலமைப்பை எழுதிய அவையில் சி.எஸ். ஓர் உறுப்பினர். தாங்கள் எழுதிய வாசகத்தையே நாற்பது வருஷம் கழித்து வாயால் சொல்லிப் பதவியேற்றவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? இதை உங்கள் பேச்சில் அவசியம் சேருங்கள்.

சரி, இப்போது சோற்று விஷயத்துக்கு வருவோம். அவரை நினைவில் வைத்திருக்க வேண்டிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

நான் 1956-இல் பிறந்தவன். பள்ளியில் மதியம் தட்டில் விழுந்தது மஞ்சள் சோள மாவில் கிண்டிய உப்புமா. அமெரிக்காவிலிருந்து வந்த மாவு என்று வாத்தியார் சொல்வார். பால் பவுடரும் அப்படித்தான். வீட்டில் கம்பும் சோளமும். நெல்லுச்சோறு என்றால் அமாவாசை, பண்டிகை, விருந்தாளி வந்த நாள். எங்கள் பக்கம் முழுக்க வானம் பார்த்த பூமி என்பதால் அதை யாரும் பெரிய கஷ்டமாக நினைக்கவில்லை. டவுனில் இருந்தவர்கள்தான் ரேஷன் கடை வாசலில் விடியற்காலையிலேயே பையோடு நின்றார்கள்.

அந்தக் காலத்தில் இந்தியா முழுவதுமே அப்படித்தான் இருந்தது. பி.எல். 480 என்று ஓர் அமெரிக்கச் சட்டம். அதன்படி அவர்களுடைய உபரிக் கோதுமையை நாம் ரூபாயில் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கேட்க நல்ல ஏற்பாடாக இருக்கும். ஆனால் கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலை. 1964-65-இல் நாட்டில் விளைந்த மொத்தத் தானியம் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருஷம் மழை பொய்த்து 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. அதற்கடுத்த வருஷமும் வறட்சி. 1966-இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து இறங்கியது. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா பேசியது அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. அவர் கோதுமையை மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் மாதக்கணக்கில் பிரித்து, கடைசி நேரம் வரை இழுத்தடித்து அனுப்பினார். ஒரு நாடே கை நீட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண்மைத் துறையை சி.எஸ்.ஸிடம் கொடுத்தார். அதுவரை அவர் எஃகு, சுரங்கத் துறை அமைச்சர். இரும்பாலை, பெரிய தொழில், அணைக்கட்டு இவைதான் அன்றைக்கு மதிப்பான துறைகள். உணவுத் துறையை விரும்பிக் கேட்டு வாங்க ஆளே கிடையாது. மழை பெய்யாவிட்டாலும் பழி, விலை ஏறினாலும் பழி. சி.எஸ். ஏற்றுக்கொண்டார்.

அவர் செய்த முதல் காரியம் என் பார்வையில் மிகப் பெரியது. விதையை அவர் பிறகுதான் பிடித்தார். முதலில் பிடித்தது விலையை. அதுவரை அரசின் எண்ணமெல்லாம் நகரத்தில் தானியம் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான். வெளிநாட்டுக் கோதுமை மலிவாக வந்து இறங்கும்போது உள்ளூர் விவசாயிக்கு எங்கே விலை கிடைக்கும்? விலை இல்லாவிட்டால் அவன் எதற்கு உரம் வாங்கிப் போட்டு அதிகமாக விளைவிக்கப் போகிறான்? விவசாயி முட்டாள் இல்லை, கணக்குத் தெரிந்தவன், கட்டுப்படியானால் செய்வான் என்று சி.எஸ். நம்பினார். பிரதமரின் செயலாளர் எல்.கே. ஜா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அதன் பரிந்துரைப்படி 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைந்தது. அதே மாதத்தில் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. இன்று நாம் பேசுகிற குறைந்தபட்ச ஆதரவு விலை, கொள்முதல், கிடங்கு, ரேஷன் என்ற சங்கிலியின் முதல் கண்ணிகள் அவை. உணவுக் கழகத்தின் தலைமையகம் தொடக்கத்தில் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. இதையும் உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இரண்டாவது காரியம் விஞ்ஞானிகளுக்கு உரிய இடத்தைக் கொடுத்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகள்தான் உட்கார்ந்திருந்தார்கள். சி.எஸ். காலத்தில்தான் முதல் முறையாக ஒரு விஞ்ஞானி, டாக்டர் பி.பி. பால், தலைமை இயக்குநரானார். கேட்க அலுவலக மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பயிரைத் தன் கையால் வளர்த்தவன் முடிவெடுக்கும் இடத்துக்கு வருவதும் கோப்பை மட்டும் பார்த்தவன் அங்கே இருப்பதும் ஒன்றா? துறைக்குள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மூன்றாவதுதான் விதை. மெக்சிகோவில் அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்களை டில்லி பூசா ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் சோதித்துக்கொண்டிருந்தார். நம் பழைய கோதுமை உயரமாக, ஒல்லியாக வளரும். உரம் கூடப் போட்டால் கதிர் கனத்துப் பயிர் தரையில் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது, போட்ட உரத்தைக் கதிராக மாற்றும். விஷயம் இவ்வளவுதான். இதை ஒரு தேசத்தின் கொள்கையாக ஆக்குவதுதான் பெரும்பாடு.

எதிர்ப்பு நாலா பக்கமும் இருந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அன்னியச் செலாவணியைப் பற்றிக் கவலைப்பட்டார். திட்டக் குழுவில் இருந்த பலருக்கு நம்பிக்கை இல்லை. இடதுசாரிகள் இது அமெரிக்காவின் சூழ்ச்சி, பெரிய விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள். வெளிநாட்டு விதையோடு புது நோய் வந்துவிட்டால் என்ன செய்வது என்று விஞ்ஞானிகளிலேயே சிலர் பயந்தார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள். சி.எஸ். அவற்றை ஒதுக்கித் தள்ளவில்லை. பேசினார், வாதாடினார். சுவாமிநாதன் குழு ஏழை விவசாயிகளின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் போட்டுக் காட்டியது. ஆராய்ச்சி நிலையத்தில் விளைவதை விவசாயி நம்ப மாட்டான். "உங்களுக்கென்ன, அரசாங்கக் காசு" என்பான். பக்கத்துக் காட்டில் விளைந்தால் நம்புவான். நானும் என் வேலைக் காலம் முழுக்கப் பார்த்த உண்மை இது.

சி.எஸ். டில்லியில் தன் அரசு வீட்டின் புல்வெளியையே உழச் செய்து அந்தக் கோதுமையை விதைத்தார். வந்து போகிற எம்.பி.க்களும் அதிகாரிகளும் கண்ணால் பார்க்கட்டும் என்று. கல்லூரியில் இயற்பியல் படித்தவர், அதனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்க மாட்டார். பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அதனால் விளைந்து நிற்கும் பயிரை மிஞ்சிய வாதம் இல்லை என்பதும் தெரியும். அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் இந்தப் புல்வெளிதான்.

1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வாங்கப்பட்டது. லெர்மா ரோஜோ, சொனோரா 64 என்பவை ரகங்கள். அதற்கு முந்தைய வருஷம் ஏறத்தாழ 250 டன் மட்டும் வாங்கிப் பரிசோதித்திருந்தார்கள். கையில் அன்னியச் செலாவணி இல்லாத, வறட்சியில் தவிக்கிற ஒரு நாடு, சாப்பாட்டுக்காக அல்லாமல் விதைக்காக அவ்வளவு பணம் செலவழிப்பது என்றால் துணிச்சல் எவ்வளவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். விளையாமல் போயிருந்தால்? சி.எஸ்.ஸின் அரசியல் வாழ்க்கை அன்றோடு முடிந்திருக்கும். அவருக்குத் துணையாக இருந்த வேளாண்மைச் செயலாளர் பி. சிவராமன் பெயரையும் உங்கள் பேச்சில் விட்டுவிடாதீர்கள். அமைச்சர், செயலாளர், விஞ்ஞானி மூவருமே தமிழர்கள்.

மெக்சிகோக் கோதுமை சிவப்பாக இருந்தது. சப்பாத்தி நிறம் சரியில்லை என்று வடக்கே மக்கள் முகம் சுளித்தார்கள். நம் விஞ்ஞானிகள் அந்த வழியிலிருந்தே கல்யாண் சோனா, சோனாலிகா என்று மஞ்சள் கலந்த நிறத்தில் ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். 1965-66-இல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.65 கோடி டன்னானது. பஞ்சாபில் மூட்டைகளை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் அடுக்கினார்கள். 1968-இல் 'கோதுமைப் புரட்சி' என்று தபால் தலை வெளியிட்டார்கள்.

அந்த அறுவடையின்போது சி.எஸ். அமைச்சர் இல்லை. 1967 தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் படுதோல்வி அடைந்தது, அவரும் தோற்றார். அந்தத் தேர்தலில் முக்கியப் பிரச்சினையே அரிசி. ரூபாய்க்கு மூன்று படி என்ற தி.மு.க.வின் பேச்சு ஊரெல்லாம் ஒலித்தது. நாட்டின் பசியைத் தீர்க்க விதைத்தவரை, விதை முளைத்து வருவதற்குள், பசியே தோற்கடித்துவிட்டது. எங்கள் அப்பாவும் அவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அடுத்த சில வருஷங்களில் அதே அப்பா கிணற்றுப் பாசனத்தில் ஐ.ஆர். 8 என்ற புது நெல் ரகத்தை நட்டு, களத்தில் நெல் குவிந்து கிடந்ததை நம்ப முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 நெல் செய்ததை எங்கள் பக்கம் ஐ.ஆர். 8 செய்தது.

இதில் ஒரு மறுபக்கம் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பசுமைப் புரட்சி பாசனம் இருந்த இடத்தில்தான் முதலில் வேரூன்றியது. மானாவாரிக் காடும் சிறுதானியமும் பயறும் பின்தங்கின. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போகிறது. யூரியா மலிவு என்பதால் அளவில்லாமல் போட்டு மண்ணைக் கெடுத்தோம். அந்த மண்ணை வருஷக்கணக்காகப் பரிசோதனைக்கு அனுப்பியவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் இதையெல்லாம் வைத்து 1966-இன் முடிவே தப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்த நாட்டின் முன்னால் அன்று வேறு வழி இல்லை. அவசரத்துக்கு எடுத்த மருந்தை ஐம்பது வருஷம் அளவு பார்க்காமல் சாப்பிட்டது பின்னால் வந்தவர்களின் பிழை, எங்களையும் சேர்த்துத்தான்.

இனி, பதவியைப் பணயம் வைத்த கதை. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சத்தில் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு கொடுத்த வாக்குறுதிக்குச் சட்ட பலம் வேண்டும் என்று பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி கடிதங்களைக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கு அனுப்பினார். அவர் அதை ஏற்கவில்லை. அன்று இரவே சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்குறுதியைக் காப்பதாகச் சொன்னார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்திருத்தம் வந்தது. போராடியவர்கள் தெருவில் இருந்த மாணவர்கள்தான், முதல் பெருமை அவர்களுக்கே. ஆனால் அமைச்சரவைக்குள்ளிருந்தும் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிப் போட்டது அன்றைக்கு எடை உள்ள காரியம்.

தேதியைக் கவனித்தீர்களா? விலைக் குழுவும் உணவுக் கழகமும் வந்த மறுமாதம் இது. தன் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையைத் தொடங்கி ஒரு மாதத்தில் அதை விட்டுவிட்டுப் போகத் தயாராக இருந்தார். அவரோடு விலகிய அளகேசன் கல்லூரிக்கால நண்பர். மாநிலக் கல்லூரி நாட்களில் பெரியசாமித் தூரன் போன்ற நண்பர்களோடு சேர்ந்து 'வனமலர்ச் சங்கம்' என்று நடத்தி, 'பித்தன்' என்ற பத்திரிகையும் கொண்டுவந்த கூட்டம் அது. திருப்பராய்த்துறை தபோவனத்தைத் தொடங்கிய சுவாமி சித்பவானந்தர் சி.எஸ்.ஸுக்கு உறவில் சித்தப்பா முறை. அவருடைய செல்வாக்கு அந்த இளைஞர்கள் மேல் நிறைய. அப்புறம் சட்டமறுப்பு இயக்கத்தில் 1932-இல் சிறை, ஆகஸ்ட் போராட்டத்தில் 1942-இல் சிறை, நடுவில் கோவையில் வக்கீல் தொழில்.

சென்னை மாகாண அமைச்சராக 1952 முதல் பத்து வருஷம். இதைத் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். முதலில் ராஜாஜி அமைச்சரவையில் அவருடைய வலது கை. ராஜாஜி 1954-இல் விலகியபோது கட்சித் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். தோற்றவரையே காமராஜர் கூப்பிட்டுத் தன் அமைச்சரவையில் நிதி, கல்வி என்று கனமான துறைகளைக் கொடுத்தார். இப்போது இப்படி ஒரு காட்சியை எங்கேயாவது பார்க்க முடியுமா? காமராஜரின் பெருந்தன்மை என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். தோற்கடித்தவரின் கீழ் மனதில் வைத்துக்கொள்ளாமல் எட்டு வருஷம் உழைத்ததும் பெருந்தன்மைதான். கல்வி அமைச்சரானதும் அவர் முதலில் செய்தது, தன் தலைவர் ராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்ததுதான்.

மதிய உணவு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், ஊருக்கு ஊர் பள்ளி இவற்றில் காமராஜரையும் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவையும் நாம் நினைக்கிறோம். அந்தப் பணத்துக்கு நிதியமைச்சராகவும் அந்தத் திட்டத்துக்குக் கல்வி அமைச்சராகவும் ஒரே ஆள் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். நான் சாப்பிட்ட மஞ்சள் உப்புமாவிலும் அவர் கை இருந்தது. ஜெர்மனி உதவியோடு ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் வரப்போகிறது என்றபோது அதைச் சென்னைக்குக் கொண்டுவருவதில் முனைந்து நின்றவர்களில் அவரும் ஒருவர். கிண்டியில் ஆளுநர் மாளிகையைச் சேர்ந்த காட்டிலிருந்து நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியது. பின்னாளில் ஆளுநராகப் போனவர், ஆளுநர் மாளிகை நிலத்தில் மாணவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் என்று சொல்லுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். நீங்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், உங்கள் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரே சொல்லும்.

1967-க்குப் பிறகு வந்த பதவிகளை வேகமாகச் சொல்கிறேன். 1969-இல் காங்கிரஸ் பிளந்தபோது இந்திரா காந்தி பக்கத்துக் கட்சிக்கு இடைக்காலத் தலைவர். 1971-இல் கிருஷ்ணகிரியிலிருந்து மக்களவைக்கு வந்தார். திட்டம், தொழில் வளர்ச்சி, பிறகு 1974 முதல் 1977 வரை நிதி. அவர் நிதியமைச்சராக இருந்தபோது, 1975 அக்டோபர் 2 அன்று, வட்டார கிராம வங்கிகள் தொடங்கின. நெருக்கடி நிலைக் காலம் முழுக்க அவர் அந்த அமைச்சரவையில் இருந்தார். 1965-இல் மொழிக்காகப் பதவியை வீசியவர் 1975-இல் உரிமைகள் பறிக்கப்பட்டபோது ஏன் விலகவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் அந்த இரண்டு வருஷத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. யாராவது கூட்டத்தில் கேட்டால் மழுப்பாதீர்கள், இருந்தார் என்று சொல்லுங்கள். 1979-இல் சரண் சிங் அரசில் சில மாதங்கள் பாதுகாப்பு அமைச்சர். அத்தோடு அமைச்சர் பதவிகள் முடிந்தன. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான் மும்பை ராஜ்பவன்.

1998-இல் பாரத ரத்னா கிடைத்தது. அதே வருஷம் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் கிடைத்தது. 2000-இல், 90 வயதில், கிராம வேளாண்மைக்காகத் தேசிய வேளாண் நிறுவனம் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். பசுமைப் புரட்சியில் சேராமல் விடுபட்ட சிறு விவசாயியை, மானாவாரிக்காரனை அடைய வேண்டும் என்ற கவலை அவருக்குக் கடைசி வரை இருந்தது. அந்த வருஷம் நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார். நூற்றாண்டையொட்டி 2010-இல் அவர் முகம் பதித்த ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. உங்கள் வீட்டுச் சில்லறை டப்பாவில் தேடிப் பாருங்கள், ஒன்று இருந்தாலும் இருக்கும். கிடைத்தால் மேடைக்குக் கொண்டு போங்கள்.

அழைப்பிதழில் 'முன்னாள் ஆளுநர்' என்று முதலில் போட்டதில் தப்பில்லை, மரபு அது. ஆனால் பேச்சை அங்கே ஆரம்பிக்காதீர்கள். பதவிகளை வரிசையாகப் படித்தால் மூன்று நிமிஷத்தில் பாதிக் கூட்டம் செல்போனைப் பார்க்கும். புல்வெளியை உழுத இடத்தில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து 18,000 டன்னுக்குப் போங்கள், பிறகு 1967 தோல்விக்கு. மற்றதெல்லாம் நேரம் இருந்தால்.

ஜனவரி 30 சி.எஸ்.ஸின் பிறந்த நாள், காந்தியின் நினைவு நாளும்கூட. அதனால் காந்திக்கு இரண்டு நிமிஷ மௌனம் இருக்கும், அதற்குப் பிறகுதான் உங்கள் பேச்சு வரும். கைதட்டலை எதிர்பார்த்து எழுதாதீர்கள், மெதுவாகப் பேசுங்கள்.

இன்னொன்று. பத்து நிமிஷத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு, கூட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால் எழுந்து பேசச் சொல்லுங்கள். பாட்டிகளை முதலில் கூப்பிடுங்கள், அடுப்பு அவர்கள் கையில்தான் இருந்தது. "1966-இல் உங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன சமைத்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.